முள் பார்த்த விரல்கள்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி மாதம் அது. எண்ணூர் பக்கம், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். நிற்பது என்றால் பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி இல்லை. காலையில் வரிசையில் சேர்ந்தால் மறுநாள்தான் கேட்டைக் கண்ணால் பார்ப்போம். நாலு அடி நகரும், ஒரு மணி நேரம் நிற்கும், மறுபடி நாலு அடி. டிரெய்லர் ஓட்டுகிற எங்களுக்குப் பாதி ஆயுள் இந்த வரிசையில்தான் கழிகிறது. சிலர் சீட்டாடுவார்கள். சிலர் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். நான் கம்பளி ரோமத்தில் பொம்மை செய்வேன்.

சிரிக்காதீர்கள். சிரிப்பதற்கு ஏற்கனவே நிறைய பேர் இருக்கிறார்கள். ஒருமுறை சரக்கு இறக்கிய கன்டெய்னரைக் கூட்டும்போது தரைப்பலகை இடுக்கில் ஒரு கொத்து ஆட்டு ரோமம் சிக்கியிருந்தது. பஞ்சைவிட மெத்தென்று இருந்ததால் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று போனில் தேடியபோதுதான் இந்த வேலை கண்ணில் பட்டது. நூலும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒரு தனி ஊசி இருக்கிறது. அதன் முனையில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ரோமத்தை உருட்டி வைத்து அந்த ஊசியால் குத்திக்கொண்டே இருந்தால் அது இறுகி, கெட்டியாகி, நாம் நினைத்த உருவத்துக்கு வரும். ஆயிரம் குத்து குத்தினால் ஒரு காது வரும்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடி போட்ட ஆடு, லுங்கி கட்டிய கொக்கு, தலையில் மீன்கூடை வைத்த பூனை என்று செய்துகொண்டே போனேன். அந்தச் சாலையில் வெள்ளை ரோமத்தை வெளியே எடுத்தால் அரை மணியில் தூசியும் அனல் மின் நிலையச் சாம்பலும் படிந்துவிடும். அதனால் என் கொக்குகள் எல்லாம் பிறவியிலேயே சாம்பல் நிறம். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் இறங்கி வந்து, "இன்னா மாமு, ஆட்டு மயிர குத்திகினு குந்திகினு கீற? வூட்ல ஸ்வெட்டர் இல்லியா?" என்பான். நாற்பத்தைந்து வயதில், வீச்சரிவாள் மீசையோடு, மடியில் முயல் பொம்மையை வைத்துக்கொண்டு இருக்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். வரிசை ஓரத்தில் தார்ப்பாய் கட்டி மீன்குழம்பு சோறு விற்கும் ஒரு பெண், அப்புறம் அவளுடைய ஐந்து வயது மகள். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர்கள். புருஷன் கடலுக்குப் போகிறவர். வண்டியை விட்டு இறங்க முடியாத டிரைவர்கள் அவளுக்குப் போன் பண்ணுவோம், அவள் டப்பாவில் சோறு கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். அந்தக் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்கும். ஆனாலும் பேச்சை விடாது.

அந்தப் பெண் மகளுக்குச் சோறு ஊட்டுவதை நான் கவனித்திருக்கிறேன். கண் எங்கள் மேல் இருக்கும், வாய் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், கை மட்டும் தட்டில் மீனைப் பிசைந்து முள் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு அமுக்கு, ஒரு உருட்டு. மயிரிழை முள் வந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடும் அந்த விரல்கள். ஒரு தடவைகூட அவள் தட்டைக் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

குழந்தை என்னிடம் நண்டு கேட்டது. சிவப்பும் மஞ்சளும் கலந்து ஒரு நண்டு செய்து காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோடு சுடுமே மாமா, இதுக்கு செருப்பு?" என்றது. கொடுக்கு இரண்டு போக நண்டுக்குக் கால் எட்டு. எட்டுக்கும் செருப்பு வேண்டுமாம். அதுவும் அது போட்டிருப்பது மாதிரி நீலத்தில். கண்டிப்பான உத்தரவு. நான் சரி என்று தலையாட்டினேன்.

அந்த மார்கழி நாளில் நீலச் செருப்பு வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று, மூன்று ஊசிகளை ஒன்றாகச் செருகுகிற பிடி ஒன்றை வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். ஐந்து செருப்பு முடிந்து ஆறாவதை ஒட்டும்போது முன் வண்டி நகர்ந்தது. வரிசையில் இடைவெளி விட்டால் எவனாவது குறுக்கே நுழைந்துவிடுவான், அதனால் ஒரு நொடிகூடத் தாமதிக்க முடியாது. ஊசிப் பிடியை நண்டின் வயிற்றிலேயே குத்தி நிறுத்திவிட்டு கியரைப் போட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன், சொருகி வைத்தால் ஊசி தொலையாது என்று என் புத்திசாலித்தனம். முன்னால் போனவன் சட்டென்று பிரேக் அடித்தான். நானும் அடித்தேன். நண்டு ஊசியோடு சீட்டிலிருந்து உருண்டு, கியர் ராடில் மோதிக் கீழே விழுந்தது.

எடுத்துத் தட்டிவிட்டு ஆறாவது செருப்பை முடித்தேன். மத்தியானம் சோற்று டப்பா கொண்டுவந்த அந்தப் பெண்ணிடம் நண்டைக் கொடுத்தேன். மீதி இரண்டு செருப்பு அடுத்த நடையில் என்று சொல்லி அனுப்பினேன். கீழே நின்ற குழந்தை அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டது. அப்புறம் ஒரு கொடுக்கை வாயில் வைத்துக் கடித்தது. நான் ஜன்னலில் கை வைத்து அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் திருவொற்றியூரில் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். பிடியில் இருந்த மூன்று ஊசியில் ஒன்று குட்டையாக இருந்தது. முனை இல்லை.

இந்த ஊசி ரொம்ப உறுதியில்லாதது, பக்கவாட்டில் வளைந்தால் பட்டென்று முறியும். முறிந்த துண்டு அரிசி நீளம்தான் இருக்கும். ஆனால் அதன் வெட்டுகள் ரோமத்தைப் பிடித்து இழுப்பதற்கென்றே செய்தவை, சதையையும் அப்படியே பிடிக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம் என்னிடம் இருந்தது. உடனே வண்டி நிற்கிற ஷெட்டுக்கு ஓடி, கேபின் தரை, மிதியடி, சீட் இடுக்கு எல்லாவற்றிலும் தேய்த்தேன். ஒரு திருகாணியும் இரண்டு ஸ்டேப்ளர் பின்னும் வந்தன, அந்த முனை வரவில்லை.

அப்படியென்றால் அது நண்டுக்குள் இருக்கிறது. அந்தக் குழந்தையின் வாயில் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் நம்பர் என் போனில்தான் இருந்தது. அடித்தேன். நாலு தடவை ரிங் போயிருக்கும், அவள் எடுக்கவில்லை. நான் கட் பண்ணினேன். இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் எடுக்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது. நம் கடமைக்கு நாம் அடித்தாயிற்று, மிஸ்டு கால் பார்த்தால் அவளே கூப்பிடட்டும் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காரணமும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம்தான் ராயபுரத்தில் பொம்மைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா என் பூனையின் போட்டோவைப் பார்த்து இருபது உருப்படி கேட்டிருந்தார். 'உன் பொம்மையில் ஊசி இருக்கிறது' என்று ஒரு பேச்சு வெளியே போனால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். வரிசையில் சிரித்தவர்கள் இன்னும் பத்து வருடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இதையெல்லாம் நான் அப்போது இவ்வளவு தெளிவாக யோசிக்கவில்லை. கட்டைவிரல் மறுபடி அந்த நம்பர் மேல் போகவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்து, "இன்னா, வண்டிய எங்கனா இடிச்சிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அடுத்த நாலு நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் குழந்தை கொடுக்கைக் கடித்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தடவை கடித்தது, எத்தனை தடவை கடித்திருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. முனை எங்கோ நடுவில், ஆழத்தில் இருக்கும், வெளியே வராது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பொம்மையை அமுக்க அமுக்க உள்ளே இருக்கும் துண்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாம் நாள் எண்ணூர் வரிசைக்கு வந்தேன். தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. அடுப்பு கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரைக் கேட்டேன். "கொயந்தய ஆஸ்பத்திரில சேத்துக்கீது நைனா. அஞ்சி நாளாவுது. மூச்சே வுட முடிலியாம்" என்றார்.

முனையை விழுங்கிவிட்டது, அது தொண்டையிலோ நெஞ்சிலோ குத்தி நிற்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். தெரிந்த டிரைவர் ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து அவர் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி நெடுக, சாமி, என் இரண்டு கையையும் எடுத்துக்கொள், அந்தக் குழந்தையை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். போன் அடிக்காதவனின் கையை வைத்துக்கொண்டு சாமி என்ன செய்யும் என்று இப்போது தோன்றுகிறது.

பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குள் விட்டார்கள். குழந்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. விலா எலும்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அக்குளுக்கும் தலையணைக்கும் நடுவே என் நண்டு இருந்தது. ஆறு காலில் செருப்பு, இரண்டு காலில் இல்லை. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாண்ணா" என்றாள்.

நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. அந்த நண்டைக் கொஞ்சம் கொடும்மா, மீதிச் செருப்பை வைத்து எடுத்து வருகிறேன் என்றேன்.

அவள் இடுப்பிலிருந்த சின்ன பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த மருந்துக் கடைச் சீட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பிரித்தேன். அரிசி நீளத்துக்கு அந்த முனை உள்ளே இருந்தது.

"நீ குட்த்த அன்னிக்கே எட்த்துட்டேண்ணா" என்றாள். "அவ கைக்கு இன்னா வந்தாலும் ஒரு தபா அமுக்கிப் பாத்துடுவேன். மீனுல முள்ளு பாக்காம ஊட்டுவேனா? அந்த மாரிதான்."

குழந்தை கொடுக்கைக் கடித்ததைக் கண்ட அடுத்த நிமிஷமே, நண்டைக் கையில் வாங்கி வயிற்றை அமுக்கியிருக்கிறாள். முனை விரலில் தட்டியிருக்கிறது. ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு, ரோமத்தை மூடித் தடவித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நான் ஜன்னலை ஏற்றிக்கொண்டு சோற்று டப்பாவைத் திறந்த நேரத்தில் இதெல்லாம் முடிந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"சொன்னா நீ மனசு ஒடிஞ்சி செய்றதயே வுட்டுடுவ. இவ மிச்சம் ரெண்டு செருப்புக்குக் காத்துகினு கீறா" என்றாள். அப்புறம், "உன் மிஸ்டு கால் பாத்தேண்ணா. அப்பவே தெரிஞ்சிகினேன், ஊசிக்குத்தான்னு. இவள தூக்கிகினு ஓடினதுல பேச முடில. நீயே திருப்பி பண்ணுவன்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

வெளியே வந்து வராந்தாவில் டாக்டரைப் பிடித்தேன். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, நுரையீரலே ரொம்பச் சோர்ந்துவிட்டது, பிறந்ததிலிருந்தே இருக்கிற பலவீனம் என்றார். வேறு எதுவும் உள்ளே போகவில்லையே என்று மூன்று முறை கேட்டேன். இல்லை என்று மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னார்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. கீழே இறங்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ குடித்தேன். இரண்டு வடை சாப்பிட்டேன். நாலு நாளாக இறங்காத சாப்பாடு அன்றைக்கு ருசியாக இறங்கியது. என் ஊசி இல்லை, நான் காரணம் இல்லை என்று உடம்பு முழுக்கச் சந்தோஷம். மேலே ஒரு குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக்கொண்டிருந்தது. நான் கீழே மூன்றாவது வடைக்குக் கை நீட்டினேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து மீதி இரண்டு செருப்பையும் செய்தேன். மூன்று ஊசிப் பிடியைத் தொடவில்லை. ஒற்றை ஊசியில், பத்துக் குத்துக்கு ஒருமுறை முனையைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். காலில் மாட்டுகிற மாதிரி வார் வைத்தேன். முடித்த பிறகு காந்தத்தில் தேய்த்தேன். விரல் நோகிற வரைக்கும் அமுக்கினேன். மறுநாள் காலையில் சரக்கோடு கிளம்பச் சொல்லி ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது. திரும்பி வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று செருப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் பாருங்கள், அப்புறம் செய்துகொள்ளலாம் என்கிற அதே புத்தி.

மூன்றாம் நாள் வரிசையில் நிற்கும்போது டீக்கடைக்காரர் வண்டிக்குக் கீழே வந்து நின்றார். வழக்கம்போலக் கூப்பிடவில்லை, சும்மா நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

குப்பத்துக்குப் போனேன். சின்ன உடம்பு, அதனால் பாடை இல்லை. அப்பா கையிலேயே தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ போக மாட்டார்கள். அதனால் அந்தப் பெண்ணுக்கு வீட்டு வாசல்தான் கடைசி. நண்டு அவள் கையில் இருந்தது. குழந்தையோடு அதையும் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

நான் போய்ச் சட்டைப்பையிலிருந்த இரண்டு நீலச் செருப்பையும் எடுத்து நீட்டினேன். தாமதமாகிவிட்டது என்றுகூடச் சொல்ல வரவில்லை.

அவள் வாங்கிக்கொண்டாள். கண் மகளின் மேல்தான் இருந்தது. கை மட்டும் ஒரு செருப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கியது. உருட்டியது. குதிகால் பக்கம், விரல் பக்கம், வார் என்று ஒரு இடம் விடவில்லை. அப்புறம் இரண்டாவது செருப்பையும் அதே மாதிரி பார்த்தாள். இரண்டையும் நண்டின் காலில் மாட்டினாள். பிறகு நண்டையே கொடுக்கு முதல் வயிறு வரை ஒரு தடவை முழுசாக அமுக்கிப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையிடுக்கில் வைத்தாள்.

பக்கத்திலிருந்த ஒரு கிழவி, "இனிமே இன்னாத்துக்குடி பாக்கற" என்று வாய்விட்டு அழுதாள். அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால், மீசைக்காரன் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வந்தவர்கள் என்னைக் குழந்தைக்கு ஏதோ நெருங்கிய சொந்தம் என்று நினைத்திருப்பார்கள்.

காரியம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் மறுபடி தார்ப்பாயைக் கட்டினாள். இப்போதும் அவளிடம்தான் சாப்பிடுகிறேன். ஊசி விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் ராயபுரத்துக் கடைக்கார அம்மாவிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஆர்டர் போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன், போயும்விட்டது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதற்குப் பிறகு நான் பொம்மை கொடுப்பதில்லை.

அந்த முனை, அதே மருந்துச் சீட்டில் மடித்தபடி, கேபினில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. இன்றும் வரிசையில் ஒரு கொக்கோ பூனையோ செய்து முடித்தால், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி முள் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் பொம்மையில் ஒன்றும் தட்டுப்படுவதில்லை, அன்றைக்கு இன்னொரு முறை போன் அடிக்காமல் விட்டதும் இதே கட்டைவிரல்தான் என்பது மட்டும் தட்டுப்படுகிறது.